எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

கொடிகாமத்தில் பிறந்து வளர்ந்து இப்போது கனடாவில் வாழும் உறவுக்காரப் பெண்ணொருத்தி சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள். தன் இரு பிள்ளைகளையும் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கத் தொடங்கியிருக்கிறாளாம். மூத்தவனுக்கு ஏழு வயது, இளையவளுக்கு ஐந்து. ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் அங்கே விதம் விதமான பாடத்திட்டங்கள் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு உண்டு. பணத்தைக் கட்டினால், எந்த நாளில் எதைப் படிப்பிக்க வேண்டும் என்ற அட்டவணையோடு வீட்டு வாசலுக்கே வந்துவிடும். தமிழுக்குத்தான் அவளுக்கு வழி தெரியவில்லை. "அண்ணை, எந்தப் புத்தகத்திலயிருந்து தொடங்கிறது?" என்று கேட்டாள்.

பட்டியல் கேட்டவளுக்கு வரலாறு சொல்லத் தொடங்குவது பத்திரிகைக்காரருக்கேயுரிய வியாதி. அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டுமென்று வைத்துவிட்டாள். அன்று சொல்ல விடுபட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவளுடைய கேள்வி புதியதன்று. தென்மராட்சி வீடுகளிலும் பொதுவாக யாழ்ப்பாணத்து வீடுகளிலும் இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வந்த கேள்வி அது. ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஒவ்வொரு விடை கண்டது. அந்தந்தக் காலத்தில் பெற்றோரை எந்த அச்சம் வாட்டியதோ, அதற்கேற்ற புத்தகமே பிள்ளையின் கைக்கு வந்தது.

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டில் படிப்பிப்பதற்குக் கனடாவிலும் பிரித்தானியாவிலும் சட்டம் இடமளிக்கிறது. நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் ஜேர்மனியில் அதற்கு இடமில்லை. இலங்கையில் 1998 ஆம் ஆண்டு முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை கட்டாயக் கல்வி விதி நடைமுறைக்கு வந்தது. 2016 இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. ஆகவே 'வீட்டுக்கல்வி' என்ற சொல்லை இங்கே பலர் அந்நிய நாட்டுப் பழக்கமாகவே கருதுகிறார்கள். ஆனால் எங்கள் பூட்டன்மார் காலத்தில் வீடும் திண்ணையுமே பள்ளிக்கூடம். பாடசாலை என்பது பிறகு வந்தது.

அந்தப் பழைய ஒழுங்கைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். விசயதசமியன்று ஏடு தொடக்குவார்கள். தகப்பனோ மாமனோ சட்டம்பியாரோ பிள்ளையை மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய அரிசியில் அதன் சுட்டுவிரலைப் பிடித்து எழுதுவிப்பார். அதன் பின்னர் திண்ணையில் பரப்பிய மணலில் எழுத்துப் பழக்கம். விரலால் எழுதுவது, வாயால் உரத்துச் சொல்வது, கையால் அழிப்பது. எழுத்துப் படிந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும். பனை நிறைந்த எங்கள் மண்ணில் ஓலைக்குப் பஞ்சமில்லை. என்றாலும் எழுத்தாணியைப் பிடிக்கப் பிஞ்சுக் கைக்கு வலுப்போதாது. மணல் முதலில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுத்து முடிந்ததும் ஔவையாரின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன். அவற்றின் பின் மூதுரை, நல்வழி, உலகநாதரின் உலகநீதி, அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை. அடுத்து நிகண்டு. அதற்கப்பால் போகிறவன் நன்னூலுக்குப் போவான். மற்றவன் எண்சுவடியோடு நின்று வயலுக்கோ கடைக்கோ போய்விடுவான். ஆத்திசூடி உயிரெழுத்து ஒழுங்கில் தொடங்குவதால் அது எழுத்துப் பாடமும் நீதிப் பாடமுமாக ஒருசேர உதவியது. நிகண்டு செய்யுளில் அமைந்த அகராதி. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் மனப்பாடமாகத் தந்துவிடும். புத்தகம் அரிதான காலத்தில் பிள்ளையின் மனமே நூலகம் என்ற கணக்கில் ஆக்கப்பட்ட பாடத்திட்டம் இது.

இதில் என்னை எப்போதும் வியக்க வைக்கும் செய்தி ஒன்றுண்டு. ஏடு தொடக்கும்போது சொல்லப்பட்டுவந்த 'அரி நமோத்து சிந்தம்' என்ற வாசகம் சமணர் வழியில் வந்தது என்பர் அறிஞர். 'சித்தர்க்கு வணக்கம்' என்பதே அதன் மூலப்பொருள். சூடாமணி நிகண்டை இயற்றிய மண்டலபுருடர் சமணர். நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் சமணரே. திருநீறு பூசி, தேவாரம் ஓதி, வெள்ளிக்கிழமை விரதம் பிடித்த சைவ வீடுகளில் பிள்ளைகள் காலையில் உரத்துப் படித்த பாடங்களில் ஒரு பெரும்பங்கு சமணருடையது. ஆசிரியரின் சமயம் யாதென்று எவரும் துருவியதாகத் தெரியவில்லை. புத்தகம் நல்லதாக இருந்தது, பிள்ளைக்குப் பயன்பட்டது, வைத்துக்கொண்டார்கள்.

எண்சுவடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது பெருங்குறை. வாய்பாடு முழு எண்ணோடு நிற்கவில்லை. முந்திரி என்றால் 320 இல் ஒரு பங்கு, காணி என்றால் 80 இல் ஒரு பங்கு, மா என்றால் 20 இல் ஒரு பங்கு, மாகாணி என்றால் 16 இல் ஒரு பங்கு என்று பின்னங்களையும் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். நெல்லிலக்கம், பொன்னிலக்கம் என்ற பெயர்களே அவை எங்கே பயன்பட்டன என்பதைக் காட்டும். ஒரு மூடை நெல்லில் வாரக்காரனுக்கு எவ்வளவு, காணிக்காரனுக்கு எவ்வளவு என்று எழுதாமலே சொல்லக்கூடிய பத்து வயதுச் சிறுவன் அந்தக் காலத்து வீட்டுக்குப் பெரிய சொத்து. இன்றைய தரம் ஐந்து மாணவனுக்குப் பின்னம் என்றால் கசக்கிறது. அவனுடைய பின்னத்தில் நெல் இல்லை என்பதும் அதற்கொரு காரணமாக இருக்கலாம்.

இந்த மணல் எழுத்து கடல் கடந்தும் போயிற்று. 1790களை ஒட்டிய காலத்தில் சென்னையில் ஆண் அநாதைச் சிறுவர் காப்பகத்தை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவனைக் கொண்டு இளைய மாணவர்களுக்குப் படிப்பிக்கும் முறையையும் கையாண்டார். நமது சட்டாம்பிள்ளை முறையேதான். 1797 இல் அவர் இலண்டனில் வெளியிட்ட சிறுநூல் இங்கிலாந்தில் பெரும் செல்வாக்குப் பெற்று, ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் 'சென்னை முறை' என்ற பெயரிலேயே பரவியது. பின்னாளில் மரியா மொன்ரிசோரி அம்மையார் உரத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளை விரலால் தடவிப் பழக வேண்டும் என்றார். போர்க்காலத்தில் அடையாற்றில் தங்கியிருந்த அவர் 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கனடாவில் அந்த உரத்தாள் எழுத்துப் பெட்டிக்கு நல்ல விலை என்று என் உறவுக்காரி சொன்னாள். நான் மணலைப் பற்றிச் சொன்னேன். சிரித்தாள்.

இந்தப் பழைய ஒழுங்கைப் புகழ்ந்து பாடி நிறுத்திவிட எனக்கு மனமில்லை. அந்தத் திண்ணை யாருடைய திண்ணை என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. திண்ணையில் ஏற முடியாதவன் அதில் பரப்பிய மணலைத் தொடுவது எப்படி? பெண் பிள்ளைகளில் மிகச் சிலரே, அதுவும் வீட்டுக்குள்ளே, எழுத்தறிந்தனர். 1929–30 இல் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்ற நடைமுறை வந்தபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பையும் எரிந்த பள்ளிக் கொட்டகைகளையும் அறிந்தவர்கள், 'அந்தக் காலத்து வீட்டுக் கல்வி' என்று பெருமூச்சு விடுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார்கள். 1924 இல் தொடங்கிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் இந்த விடயத்தில் துணிந்து நின்றது அதன் பெருமைகளுள் ஒன்று.

1816 இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வந்திறங்கியதோடு புத்தகத் தேர்வு பிணக்குக்குரிய விடயமாயிற்று. அவர்கள் ஊரூராகப் பள்ளிகளைத் திறந்தார்கள். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறி, 1824 இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை, பின்னர் மானிப்பாயில் அச்சுக்கூடம், 1841 இல் உதயதாரகைப் பத்திரிகை, 1842 இல் மானிப்பாய் அகராதி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெண் பிள்ளைகளுக்கும் விளிம்பில் நின்றவர்களுக்கும் முதன்முதலாகக் கதவைத் திறந்தவர்கள் அவர்களே. இதை மறைப்பது நன்றியற்ற செயல். ஆனால் அந்தக் கதவால் உள்ளே போன பிள்ளையின் கையில் அவர்கள் கொடுத்தது வேதாகமப் பாடம். எழுத்து வேண்டுமென்றால் அதையும் ஏற்க வேண்டியிருந்தது. பிள்ளை படித்துத் திரும்பும்போது யாருடைய பிள்ளையாகத் திரும்பும் என்ற அச்சம் சைவ வீடுகளில் புகுந்தது.

அந்த அச்சத்துக்கு விடையாக வந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). மிசனரிமாரின் வித்தையை உள்ளிருந்தே கற்றவர் அவர். பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றார். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டே சென்னைக்குப் போய் அச்சியந்திரத்தோடு திரும்பினார். அப்பயணத்தில் அவர் அச்சிட்ட நூல்களில் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று. எதிரியின் கையிலிருந்த கருவி அச்சு என்று கண்டவர், அந்தக் கருவியில் முதலாவதாக ஏற்றியவற்றுள் ஒரு சமணர் எழுதிய நிகண்டும் இருந்தது. பழைய ஒழுங்கு அவரிடத்திலும் உயிரோடிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

அவருடைய பாலபாடங்களே எங்கள் வீடுகளின் புத்தக ஒழுங்கை மாற்றியவை. முதற் புத்தகம் எழுத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து சிறு வாக்கியத்துக்கும் படிப்படியாக ஏறுகிறது. செய்யுளை விட்டு வசனத்தில் பிள்ளையோடு பேசுகிறது. சந்திகளைப் பிரித்து, சொற்களுக்கு இடையில் இடம்விட்டு, நிறுத்தக் குறிகளிட்டு அச்சிட்டது அந்நாளில் பெரும் புதுமை. பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்து பத்து வயதில் பொருள் கேட்பது பழைய முறை. வாசிக்கும்போதே பொருள் விளங்க வேண்டும் என்பது நாவலர் முறை. மிசன் பாடப் புத்தகங்களின் அமைப்பிலிருந்து அவர் கற்றுக்கொண்டது இது. கற்றுக்கொண்டதை அவர்களிலும் திருத்தமாகச் செய்தார் என்பது என் எண்ணம்.

நான்காம் பாலபாடம் வேறொரு வகை. கொலை, களவு, கள்ளுண்ணல், சூது, செய்ந்நன்றியறிதல் என்று நீண்ட கட்டுரைகள். வசனம் எஃகு போன்றது. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் ஒழுங்கைக் காக்க எழுதப்பட்ட வசனம். மிசனரிமாரின் வேதாகமப் பாடத்துக்கு எதிராக எழுந்த கோட்டை அது. கோட்டைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். இன்றைய பிள்ளைக்கு அதை அப்படியே கொடுக்க நான் சொல்லமாட்டேன். தமிழ் வசனம் எழுத விரும்பும் இருபது வயது இளைஞனுக்குக் கட்டாயம் கொடுப்பேன்.

எங்கள் பகுதியிலும் இந்த வழி ஆழமாக வேரூன்றியது. கொடிகாமத்துக்கு மேற்கே உள்ள மட்டுவில், உரையாசிரியர் ம. க. வேற்பிள்ளையின் ஊர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) பிறந்ததும் அவ்வூரிலேயே. பாலபாடமும் நிகண்டும் ஒரு மாடத்தில் அருகருகே இருந்த வீடுகள் அவை.

பிள்ளைக்கு நீதி சொல்லவேண்டும் என்பதிலேயே கண்ணாக இருந்த நூறாண்டுகளுக்குப் பிறகு, பிள்ளை சிரிக்கவும் வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது. கல்வி அதிகாரியாக இருந்த க. ச. அருள்நந்தியின் முயற்சியால் சிறுவர் பாடல்களுக்குப் போட்டி நடத்தப்பட்டு, 1935 இல் 'பிள்ளைப்பாட்டு' என்ற தொகுப்பு வெளிவந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாட்டுக்குள் கொண்டுவந்தார். கூழும் கொழுக்கட்டையும் ஏடேறின. எங்கள் தாய்மாருக்குப் பாடத்திலிருந்து நினைவிருப்பது எது என்று கேட்டால் பெரும்பாலும் இவற்றையே சொல்வார்கள். நான்காம் பாலபாடத்தை எவரும் சொல்வதில்லை.

அதன் பின்னர் வந்த கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1945 இல் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வி. 1960–61 இல் உதவி பெறும் பாடசாலைகள் அரசு வசம். 1980 முதல் இலவசப் பாடநூல். இவற்றால் விளைந்த நன்மை அளவிடற்கரியது. திண்ணைக்கு வெளியே நின்றவனின் பேரன் பல்கலைக்கழகம் போனது இதனால்தான். ஆனால் எந்தப் புத்தகம் என்று தீர்மானிக்கும் வேலை வீட்டிடமிருந்து முற்றாகப் போய்விட்டது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபின் வீட்டின் அச்சமும் மாறியது. பிள்ளை பல்கலைக்கழகம் போகுமா என்பதே பேச்சு. ரியூட்டரிகள் முளைத்தன. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளே வீட்டுப் பாடப் புத்தகம் ஆயிற்று. இதைப் பற்றி எழுதினால் என் இரத்த அழுத்தம் ஏறும்.

வீடு மீண்டும் பள்ளிக்கூடம் ஆன காலத்துக்கு வருகிறேன். 1990 இல் போர் மூண்டு குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்து எரித்த விளக்கின் கீழே ஒரு தலைமுறை படித்தது. தாளும் அருமையாயிற்று. அச்சுத் தாள் கிடைக்காமல் யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் நிறத்தாளிலும் வெளிவந்தன. அப்போது நான் இளம் நிருபர். போர்ச் செய்தி அச்சாகும் அதே தாளுக்குப் பிள்ளைகளின் கொப்பியும் காத்திருக்கிறது என்ற நினைப்பு, நீட்டி எழுதும் பழக்கத்தை எங்களில் பலருக்குக் குறைத்தது.

1995 செப்டெம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மீது விமானக் குண்டுகள் விழுந்தன. இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் மாண்டார்கள். மதியவேளை, மரத்தின் கீழே நின்ற பிள்ளைகள். கொடிகாமத்துக்கு அது தூரத்து ஊர் அன்று. அதன் பிறகு பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதா வீட்டில் வைத்திருப்பதா என்று ஒவ்வொரு தாயும் காலையில் எழுந்து தீர்மானிக்க வேண்டியிருந்தது. வீட்டில் வைத்திருந்தவர்களை எவரும் குறைசொல்லவில்லை.

ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்த இலட்சக்கணக்கான மக்கள். விடிந்தபோது சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் எங்கும் ஒவ்வொரு வளவிலும் பத்துக் குடும்பங்கள். பாடசாலைகள் எல்லாம் அகதி முகாம்கள். கரும்பலகையில் பிள்ளைத் துணி காய்ந்தது. மக்கள் கொண்டுவந்த பைகளில் என்னென்ன இருந்தன என்று அப்போது கேட்டுக் குறித்து வைத்தேன். பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ், காணி உறுதி, நகை, குழந்தைப் பால்மா. பாடப் புத்தகம் கொண்டுவந்தவர்கள் மிகக் குறைவு. கொண்டுவந்தவையும் மழையில் நனைந்து ஒட்டிப்போயிருந்தன.

கொடிகாமம் சந்திக்கு வடக்கே, பருத்தித்துறை வீதியிலிருந்து சற்று உள்ளே ஒரு பெரிய மாமர வளவு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அங்கே குடும்பத்தோடு ஒதுங்கியிருந்தார். மூன்றாம் நாளே அவர் மரத்தின் கீழ் பிள்ளைகளைக் கூட்டிவிட்டார். "சும்மா திரிஞ்சா நோய் பிடிக்கும், வாங்கோ" என்பதே அவருடைய அறிவித்தல். புத்தகமில்லை, சிலேற்றில்லை, கொப்பியில்லை. அவரிடம் இருந்தது ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் சோமசுந்தரப் புலவரின் பாட்டும் மட்டுமே, மனத்தில். மழை விட்ட மணலில் எழுதுவித்தார். எழுத்துக்கு ஓரடி, நாளுக்கு மூன்று எழுத்து. தென்னங்குரும்பையை எண்ணிக் கூட்டல், கழித்தல். அதே குரும்பைகளைப் பங்கிட்டுப் பின்னம். இருநூறு ஆண்டுக்கு முந்திய பாடத்திட்டம் அப்படியே எழுந்து வந்து நின்றது. தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய பாரமில்லாத பாடத்திட்டம் அது ஒன்றுதான்.

அந்த மரத்தடியில் இன்னொன்றையும் பார்த்தேன். சந்திக்கு அந்தப்புறம் அகற்றிவிடப்பட்ட சாதிக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதே மணலில் அமர்ந்து எழுதினார்கள். ஆசிரியை எவரையும் இன்னார் பிள்ளையா என்று கேட்கவில்லை. வளவுக்காரர் ஏதோ முணுமுணுத்ததாகப் பின்னர் அறிந்தேன். வகுப்பு நிற்கவில்லை.

இந்த முறைக்கு எல்லை உண்டென்பதும் அங்கேயே தெரிந்தது. ஐந்து ஆறு வயதுக்காரருக்கு அது போதுமாயிருந்தது. பத்து வயதுக்காரருக்குப் போதவில்லை. பூவின் பாகங்களை மணலில் எத்தனை தரம் கீறுவது? புலமைப்பரிசிலுக்கு எடுக்க வேண்டிய பிள்ளைகளின் தகப்பன்மார் யாரிடமாவது பழைய வினாத்தாள் இருக்குமா என்று வளவு வளவாக அலைந்தார்கள். கிடைத்த ஒன்றைக் காபன் தாள் வைத்துக் கையால் படியெடுத்துப் பகிர்ந்தார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிப்பதற்கு எதுவுமில்லாத பசி எப்படியிருக்கும் என்பதை அங்கே கண்டேன். பழைய பத்திரிகைத் துண்டில் சுற்றி வந்த சீனியைக் கொட்டிவிட்டு அந்தத் துண்டுக்காகச் சண்டை பிடித்த இரு சிறுவர்கள் இன்னும் கண்ணில் நிற்கிறார்கள். அந்தத் துண்டில் இருந்தது மரண அறிவித்தல்.

1996 ஏப்பிரலில் படையினர் தென்மராட்சிக்குள் வந்தார்கள். சனம் ஒரு பாதி வலிகாமம் திரும்பியது, மறு பாதி கிளாலிக் கடலால் வன்னிக்குப் போனது. 2000 ஆம் ஆண்டில் ஆனையிறவு வீழ்ந்தபின் நடந்த சண்டையில் கொடிகாமத்துச் சனமே வீடுகளை விட்டோட நேர்ந்தது. சாவகச்சேரி தரைமட்டமானது. நான்கரை ஆண்டுக்கு முன் ஊரெல்லாவற்றையும் ஏற்ற வளவுகளில் அப்போது நாய்கள்கூட இல்லை.

கடைசி முறையாக வீடுகள் பள்ளிக்கூடமானது கொரோனாக் காலத்தில். 2020 மார்ச்சில் பூட்டிய பாடசாலைகள் இடையிடையே திறந்து மூடி, 2021 இன் பிற்பகுதியில்தான் ஒழுங்காகத் திறந்தன. தொலைக்காட்சியில் பாடம், 'ஈ-தக்சலாவ' என்ற கல்வி அமைச்சின் இணையத்தளம், வட்ஸ்அப்பில் பயிற்சித் தாள். ஒரு கைத்தொலைபேசியும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டில் எந்தப் பிள்ளைக்கு முதலில் என்பதே பாடத்திட்டம். கைத்தொலைபேசி இல்லாத வீட்டில் அதுவுமில்லை. திண்ணையின் பழைய கேள்வி வேறு உருவத்தில் வந்து நின்றது.

இனி என் உறவுக்காரிக்கு. முதல் ஆறு மாதம் புத்தகம் வாங்காதே என்று சொன்னேன். ஒரு பழைய தட்டும் கொஞ்சம் மணலும் போதும். கனடாவில் மணல் கிடைக்காவிட்டால் ரவை. ஆத்திசூடியின் உயிரெழுத்து அடிகள், பிள்ளைக்குப் புரியும் வரை விளக்கத்தோடு. புரியாதவற்றை விட்டுவிடலாம், ஔவையார் கோபிக்கமாட்டார். சோமசுந்தரப் புலவரின் பாட்டைப் படிப்பிக்காதே, பாடு. ஆடி முதல் நாள் கூழ் காய்ச்சிவிட்டுப் பாடினால் இன்னும் நல்லது. மூத்தவன் எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் நாவலரின் முதற் பாலபாடத்தின் ஒழுங்கை எடுத்துக்கொள், ஒழுங்கை மட்டும். வாக்கியங்களை உன் வீட்டு வாக்கியங்களாக எழுது. "அம்மம்மா தேத்தண்ணி குடிக்கிறா" என்பது நல்ல முதல் வாக்கியம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழகத்தின் தமிழ் இணையக் கல்விக்கழகம் மழலைக் கல்விக்கு நல்ல பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. படமும் ஒலியும் உண்டு, காசில்லை. ஆனால் அதைக் கேட்டு வளரும் பிள்ளை 'பேசுவது' என்று படிக்கும். அம்மம்மாவோ 'கதைக்கிறது' என்பார். பென்சும் வாங்கும் ஒன்றென்று அதற்கு யாராவது சொல்லவேண்டும். இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தரம் ஒன்று, இரண்டு தமிழ்ப் புத்தகங்களை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். எங்கள் வழக்கு அவற்றில் ஓரளவு இருக்கும். 1999 இல் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்று நாளைப் பிரித்தது நல்ல யோசனை. வீட்டில் அதைப் பாடசாலையிலும் இலகுவாகச் செய்யலாம். 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடத்தை மட்டும் அங்குள்ள சுற்றாடலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மேப்பிள் மரத்தின் கீழ் நின்று பனையைப் பற்றி எத்தனை நாள் படிப்பிப்பது? 2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய பாட நூல்கள், சிறுவர் நூல்கள் ஏராளம். அதில் தேடத் தொடங்கினால் பிள்ளைகளுக்குச் சமைக்க மறந்துவிடுவாய் என்றும் எச்சரித்தேன்.

கணிதத்துக்கு அவள் வாங்கிய கனடாப் பெட்டியே போதும். ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னேன். கொடிகாமத்தில் அவளுடைய தகப்பனார் பெயரில் இன்னும் ஒரு காணித்துண்டு இருக்கிறது. உறுதியில் பரப்புக் கணக்கு. 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். மூத்தவன் பெருக்கலும் வகுத்தலும் பழகியதும் அந்த உறுதியை எடுத்து வைத்து, அந்த நிலம் எத்தனை குழி, தனக்கும் தங்கைக்கும் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை என்று கணக்குப் பார்க்கட்டும். "அதுக்கு எல்லைக் கல்லே இப்ப இல்லையாம் அண்ணை" என்றாள். அது வேறு பாடம். அதற்கு நில அளவையாளரைத்தான் பிடிக்க வேண்டும்.